பெல்லமி துரையின் கடைசிக் கிணறு

“தொலைஞ்சு போனவரைத் தேடுறது நம்ம வேலை, ஒத்துக்கறேன். எப்பவோ செத்துப்போன வெள்ளைக்காரரை எதுக்கு மேடம் தேடணும்?”

கில்பர்ட் சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தை உற்றுப் பார்த்தபடி கேட்டான். படத்தில் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றார்.

“தொலைஞ்சு போனவர் முப்பது வருஷமா இவரைத்தான் தேடிட்டிருந்தார். அதனால” என்றாள் அனந்தலக்ஷ்மி.

ஜோகுபாளையத்துச் சந்து வீடு அது. ஏப்ரல் மாத நடுப்பகல். மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. காலையில் இந்த வீட்டிலிருந்து கோதண்டராமன் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். சர்வே ஆபீஸில் மேப் வரைந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. போன், கண்ணாடி, மாத்திரை எல்லாம் மேஜை மேலேயே கிடந்தன.

அவருடைய ஒரே மகள் ரக்ஷிதா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம்.

“நான் உள்ளே மீட்டிங்ல இருந்தேன் மேடம். கதவுச் சத்தம் கேட்டுச்சு. குப்பை வண்டிக்காரங்கன்னு நெனச்சேன். ஹெட்போனைக் கழட்டியிருந்தா...”

“போலீஸ்ல சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு. போட்டோவை எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பியிருக்காங்க. அதுக்கப்புறம் எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

அனந்தலக்ஷ்மி இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்தவள். இப்போது அல்சூரில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். கில்பர்ட் அவளுக்கு உதவியாளன், டிரைவர், சில நேரம் தலைவலி.

“ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சிருக்கு” என்றாள் அவள். “முனையில ஆட்டோ ஓட்டற கோவிந்தன்கிட்ட விசாரிச்சோம். உங்கப்பா அவரு வண்டியிலதான் ஏறியிருக்கார். சம்பங்கி கெரேக்குப் போகணும்னு சொன்னாராம்.”

“ஏரிக்கா?” ரக்ஷிதா நிமிர்ந்தாள். “அது இப்ப இல்லையே!”

“அதேதான் கோவிந்தனும் சொன்னாரு” என்றான் கில்பர்ட். “‘ஏரி எங்க கீது சார், ஸ்டேடியம்தான் கீது’ன்னு சொல்லி கண்டீரவா ஸ்டேடியம் கேட்டாண்ட எறக்கி வுட்டுட்டாராம். இந்த ஊர்ல ஏரியைத் தேடிப் போனா ஒண்ணு ஸ்டேடியம் வரும், இல்ல பஸ் ஸ்டாண்ட் வரும்.”

ரக்ஷிதாவின் கண்கள் புகைப்படத்துக்குப் போயின.

“பெல்லமி” என்றாள் மெதுவாக. “மேடம், சம்பங்கி கெரே பெல்லமியோட முதல் சர்வே.”

“வண்டியில ஏறு, போயிட்டே சொல்லு” என்று அனந்தலக்ஷ்மி எழுந்தாள்.

கில்பர்ட்டின் பழைய ஆல்டோ அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனது. பின் சீட்டில் ரக்ஷிதா சொல்ல ஆரம்பித்தாள். அப்பா பழைய மேப்புகளிலும் ரிக்கார்டுகளிலும் தேடித் தேடிச் சேர்த்தது; சின்ன வயதிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டு வளர்ந்த கதை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

ஆர்தர் பெல்லமி பிறந்தது பெங்களூர் கன்டோன்மென்டில். அப்பா ராணுவத்தில் பேண்டு வாசிக்கிறவர். பையனுக்கு இசை வரவில்லை. தூரம் அளப்பதில்தான் பைத்தியம். மீசை முளைக்கும் முன்பே சங்கிலியை இழுத்துக்கொண்டு ஊர் ஏரிகளை அளக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார். முதலில் சம்பங்கி. அடுத்தது தர்மாம்புதி. தண்ணீரை அளந்து பழகிய மனிதரை அரசாங்கம் தண்ணீரே இல்லாத இடத்துக்கு அனுப்பியது. எகிப்துக்கு மேற்கே, மணலைத் தவிர ஒன்றும் இல்லாத பாலைவனம். பகலில் ஒட்டகத்தின் நடையை வைத்துத் தூரம், ராத்திரியில் நட்சத்திரத்தை வைத்துத் திசை. அப்படியே வருடக்கணக்கில் நடந்து, வெறும் வெள்ளையாக இருந்த மேப்பில் கிணறுகளை ஒவ்வொன்றாக நீல மையில் குறித்துக்கொண்டே போனார்.

“கூடவே ஒருத்தர் போவார். சாலிம். ஒட்டகக்காரர். பெல்லமிக்கு அரபி கத்துக்குடுத்தது அவர்தான். அவர் இல்லாம பெல்லமி எங்கயும் போனதில்ல.”

“கல்யாணம்?” என்றான் கில்பர்ட்.

“பண்ணிக்கல.”

“அதான் பாலைவனத்துல நிம்மதியா இருந்திருக்கார்.”

ரக்ஷிதாவுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்பாவுக்கு இப்ப நேத்து நடந்தது மறந்துடுது மேடம். பெல்லமி மட்டும் மறக்கல. சில நாள் காலையில எழுந்து ‘ஒட்டகம் ரெடியா’ன்னு கேப்பார்.”

அனந்தலக்ஷ்மிக்கு நூல் பிடிபட்டது போலிருந்தது. கோதண்டராமன் வழி தெரியாமல் அலையவில்லை. பெல்லமியின் வாழ்க்கையை முதலிலிருந்து நடந்துகொண்டிருக்கிறார்.

ஸ்டேடியம் வாசலில் வாட்ச்மேன் சேஷகிரி நாற்காலியைச் சுவர் நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். போட்டோவைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு.

“பந்திதாரு, பந்திதாரு. காலையிலயே வந்தாரு. கெரே எல்லி, ஏரி எங்கன்னு கேட்டாரு. இதே கெரே யஜமான்றேன்னு சொன்னேன். என் மூஞ்சியைப் பார்த்துட்டு, ‘வத்திடுச்சா’ன்னாரு. பாவம், அப்படியே நின்னுட்டாரு.”

“அப்புறம்?”

“வேர்த்துக் கொட்டுது. நீரு குடுத்தேன். பேடா, வேணாம்னுட்டாரு. கையில பெரிய பை, அதுல பூரா தண்ணி பாட்டில். இவ்ளோ வெச்சிருக்கீங்களே, குடிங்க சார்னேன். ‘இது என்னுது இல்ல’ன்னுட்டு நடையைக் கட்டினாரு.”

“எந்தப் பக்கம்?”

சேஷகிரி கையைப் பொதுவாக வீசினார். “ஆ கடே.” அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில் பஸ் ஸ்டாப் இருந்தது.

அனந்தலக்ஷ்மி யோசிக்கவே இல்லை. முதலில் சம்பங்கி என்றால் அடுத்தது தர்மாம்புதி. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இப்போது மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது.

“மெஜஸ்டிக்குக்கு விடு” என்றாள்.

மெஜஸ்டிக்கில் இறங்கிய நிமிஷமே மூன்று பேருக்கும் மனசு சோர்ந்துவிட்டது. எத்தனை பிளாட்பாரம், எத்தனை பஸ், எத்தனை ஆயிரம் தலை! அதில் வெள்ளைச் சட்டை போட்ட கிழவர்கள் மட்டுமே ஒரு ஊருக்குக் காணும். ரக்ஷிதா ஒவ்வொரு வரிசையாக ஓடினாள். பின்பக்கம் அப்பா மாதிரி தெரிந்த ஒருவரின் தோளைத் தொட்டாள். அவர் திரும்பினார். வேறு யாரோ. கில்பர்ட் கண்டக்டர்களிடம் போட்டோவைக் காட்டினான். விசாரணை கவுன்டரில் மைக்கில் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். கோதண்டராமன், கோதண்டராமன் என்று பஸ் ஸ்டாண்ட் முழுக்க எதிரொலித்தது. யாரும் திரும்பவில்லை. தன் பெயரே அவருக்கு இப்போது ஞாபகம் இருக்குமோ என்னமோ.

வெயில் தார் ரோட்டிலிருந்து முகத்தில் அடித்தது. ரக்ஷிதா ஒரு தூணில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“இந்த வெயில்ல எவ்வளவு நேரம் மேடம் தாங்குவார்?”

 கில்பர்ட் தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து ரக்ஷிதாவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“குடிம்மா. நீயும் உங்கப்பா மாதிரி ஆரம்பிச்சுடாத” என்றான்.

அனந்தலக்ஷ்மி சட்டென்று அவனைப் பார்த்தாள்.

“இப்ப என்ன சொன்னே?”

“சும்மா சொன்னேன் மேடம். மன்னிச்சுக்குங்க.”

“இல்ல. நீ சொன்னது சரி. பை நிறைய தண்ணி வெச்சுக்கிட்டு ஒரு வாய்கூடக் குடிக்கல. ஏரியைத் தேடிப் போறவர் தண்ணியை எதுக்குச் சுமக்கணும்?” அவள் ரக்ஷிதாவின் பக்கத்தில் குந்தினாள். “அந்த பாட்டில் எல்லாம் வீட்டுலேர்ந்து எடுத்ததா?”

“ஆமா. காலையில பார்த்தேன், ஃப்ரிட்ஜ்ல ஒண்ணுகூட இல்ல.”

“‘என்னுது இல்ல’ன்னார். அப்ப வேற யாருதோ. ரக்ஷிதா, பெல்லமி கதையில நீ எனக்குச் சொல்லாத பாகம் எது?”

அவள் விழித்தாள். “சொல்லாதது... கடைசிப் பாகம். அப்பா அதைச் சொல்றதை நிறுத்திட்டார்.”

“எப்போலேர்ந்து?”

“அம்மா போனதுலேர்ந்து.”

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

“சொல்லு” என்றாள் அனந்தலக்ஷ்மி.

பெல்லமி மேப்பில் குறித்த கிணறுகளில் ஒன்றை மட்டும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. வழிப்போக்கன் ஒருவன் சொன்னதை நம்பிக் குறித்துவிட்டார். சில வருடம் கழித்து, அவரும் சாலிமும் அதே மேப்பை நம்பி அந்தப் பக்கம் போனார்கள். கிணறு இருந்தது. தண்ணீர் இல்லை. அடிவரை மணல். வழியில் ஒட்டகம் மிதித்து சாலிமுக்குக் கால் முறிந்திருந்தது, நடக்க முடியாது; ஏற்றிப் போக ஒட்டகமும் இல்லை, தாகத்தில் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்த தண்ணீரை அவரிடம் கொடுத்து, கிணற்றுச் சுவர் ஓரமாக உட்காரவைத்து, “தண்ணி எடுத்துட்டு வரேன், இங்கயே இரு” என்று பெல்லமி கிளம்பினார். செத்துப் பிழைத்து ஒரு ஊரை அடைந்தார். தோல் பை நிறையத் தண்ணீரோடு திரும்பினார். நடுவில் மணல் புயல் அடித்திருந்தது. கிணறும் இல்லை, சாலிமும் இல்லை. நட்சத்திரம் பார்த்து உலகத்தில் எந்த மூலையையும் கண்டுபிடிக்கிற மனிதரால் அந்த ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அதுக்கப்புறம் வருஷா வருஷம் போனார் மேடம். ஏதோ மறைஞ்சுபோன பாலைவனச் சோலையைத் தேடுறார்னு உலகமே நெனச்சுது. மெடல் குடுத்தாங்க. அவர் யார்கிட்டயும் எதுவும் சொல்லல, டைரியில மட்டும் எழுதி வெச்சிருந்தார். கடைசியா தனியாப் போனார், தண்ணியோட. திரும்பி வரல.”



“நாம தப்பான பாகத்தைப் பிடிச்சுட்டோம்” என்றாள் அனந்தலக்ஷ்மி. குரலில் தன் மேலேயே கோபம். “அவர் ஏரியை அளக்கப் போகல. தண்ணியைக் கொண்டுபோய்க் குடுக்கப் போயிருக்கார். ரக்ஷிதா, உங்கம்மா எங்கே இறந்தாங்க?”

ரக்ஷிதாவின் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது.

“ஒரு நர்சிங் ஹோம்ல. வயித்துல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி எதுவும் குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அம்மா தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருந்தாங்க. அப்பாவால தாங்க முடியல. டாக்டர்கிட்ட போய்க் கெஞ்சினார், ஒரு ஸ்பூனாவது குடுக்கலாமான்னு. அப்புறம் அம்மாகிட்ட வந்து, ‘இரு மரகதம், போய் எடுத்துட்டு வரேன்’னு சொன்னார். சும்மா சமாதானத்துக்குத்தான். வெளியே காரிடார்ல போய் நின்னுட்டு அழுதார். அதுக்குள்ள அம்மாவை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. தியேட்டர்லேர்ந்து அம்மா திரும்பி வரல.”

“அந்த நர்சிங் ஹோம் எங்கே இருக்கு?”

“இப்ப இல்ல. இடிச்சுட்டாங்க. சம்பங்கிராம நகர்ல...” அவள் கை தானாக வாய்க்குப் போனது. “மேடம், ஸ்டேடியத்துக்குப் பின்னாடி!”

கில்பர்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் வழியில் எல்லா சிக்னலும் சிவப்பு. சேஷகிரி கையை வீசிய பக்கத்தில் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நாலு சந்து உள்ளே போயிருந்தால் அப்போதே பிடித்திருக்கலாம் என்று அனந்தலக்ஷ்மிக்குத் திரும்பத் திரும்பத் தோன்றிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்கு மட்டும் போன் செய்து இடத்தைச் சொன்னாள். கில்பர்ட் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. முன்னால் இருந்த லாரி அசையவும் இல்லை.

நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டிடம் தூண்களும் கம்பிகளுமாக எழும்பிக்கொண்டிருந்தது. வாசலில் லாரி கொட்டிவிட்டுப் போன மணல் குவியல். அதன் சரிவில் கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாட்டில்கள், மூடி திறக்காமல், வரிசையாக மணலில் நின்றன.

சித்தாள் வேலை செய்யும் எல்லம்மா தன் தலைத்துண்டை அவிழ்த்து, அவர் தலைக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ.

“எழுப்பினா அடிக்க வர்றாரும்மா” என்றாள். “தண்ணி ஊட்டினா துப்பறாரு. உள்ள ஒரு பேஷன்டு இருக்கு, அதுக்குக் குடுக்கணும், கதவைத் தொறங்கறாரு. இங்க கதவே இல்லியே, நான் எதைத் தொறக்கறது?”

உதடு வெடித்து ரத்தம் கோடு போட்டிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. வேர்வைகூட நின்றுவிட்டது. அனந்தலக்ஷ்மிக்கு அதைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. ஒரு பாட்டிலைத் திறந்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் பல்லைக் கடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அது அவளுக்கு” என்றார். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

“சார், நிறைய இருக்கு சார். அவங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு” என்றான் கில்பர்ட்.

“அவ குடிக்காம நான் எப்படிப்பா குடிக்கறது?”

கில்பர்ட் எழுந்து இரண்டு அடி தள்ளிப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் டிரைவர் போனில், இன்னும் கார்ப்பரேஷன் சர்க்கிளையே தாண்டவில்லை என்றார்.

“அப்பா!” ரக்ஷிதா மணலில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்தாள். “அப்பா, நான்தான்பா. பாருங்கப்பா.”

கோதண்டராமன் அவளை மரியாதையாகப் பார்த்தார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்ப்பதுபோல.

“உங்க பேஷன்ட் எந்த ரூம்மா?”

அவள் அனந்தலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தாள்.  ஆளைக் கண்டுபிடித்தாகிவிட்டது. கண்டுபிடித்து என்ன? கண் முன்னால் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தாகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

 ரக்ஷிதா துப்பட்டாவை எடுத்து, அம்மா போடுவதுபோல் இரண்டு தோளையும் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

“ஏங்க” என்றாள்.

அவர் தலை நிமிர்ந்தது.

“எவ்வளவு நேரமாத் தொண்டை வறண்டுபோய் உக்காந்திருக்கேன். குடுங்க.”

கோதண்டராமனின் கண்கள் அவள் முகம் முழுக்க அலைந்தன. எதையோ தேடின. கிடைத்துவிட்டதுபோல் நின்றன.

“மரகதம்... விட மாட்டேன்னுட்டாங்கடி. வழியே தெரியல. எல்லாத்தையும் மாத்திட்டாங்க.”

“பரவாயில்ல. வந்துட்டீங்க இல்ல. குடுங்க.”

அவர் திறந்திருந்த பாட்டிலை எடுத்து அவள் உதட்டில் வைத்தார். அவள் குடித்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து தண்ணீரோடு சேர்ந்து வாய்க்குள் போனது; அவள் நிறுத்தாமல் குடித்தாள். முக்கால் பாட்டில் தீர்ந்ததும் மெதுவாக அதை அவர் பக்கம் திருப்பினாள்.

“எனக்குப் போதும்ங்க. நீங்க ஒரு வாய் குடிங்க.”

“உனக்குப் போதுமா? நிஜமாவா?”

“நிஜமா.”

அவர் குடித்தார். முதல் வாய் தொண்டையில் சிக்கி இருமினார். அடுத்தது இறங்கியது. எல்லம்மா துண்டோடு அப்படியே கீழே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

அப்போதுதான் தெருக்கோடியில் சைரன் சத்தம் கேட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவருக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கில்பர்ட் மூன்று கப் காபி வாங்கி வந்தான். ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

ரக்ஷிதா வார்டிலிருந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

“பேசறாரா?” என்று கேட்டாள் அனந்தலக்ஷ்மி.

“பேசறார். ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாப் பேசறார்.” அவள் சுவரில் சாய்ந்தாள். “ரக்ஷிதா ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளான்னு கேட்டார். வந்துட்டா, தூங்கறான்னு சொன்னேன். அவளை எழுப்பாதே, பாவம்னார்.”

காபியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“நான் அம்மா இல்லைன்னு சொன்னா அம்மா மறுபடி செத்துடுவாங்க. அவர் மறுபடி பையைத் தூக்கிட்டுக் கெளம்பிடுவார். சொல்லலேன்னா...” அவள் நிறுத்தினாள். “எனக்கு இனிமே அப்பா கிடையாது. இல்லையா மேடம்?”

அனந்தலக்ஷ்மி அவள் தோளில் கை வைத்தாள். இருபது வருடம் மற்றவர்களின் பொய்யைக் கண்டுபிடித்துப் பிழைத்தவளுக்கு, இந்தப் பொய்யைச் சொல் என்றும் சொல்ல வரவில்லை, சொல்லாதே என்றும் சொல்ல வரவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. பலவீனமாக, ஆனால் பயமில்லாமல்.

“மரகதம்?”

ரக்ஷிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வரேங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.